இருபத்தேழு ஆட்டங்கள்

பெட்டி மறுபடியும் நின்றுவிட்டது. அம்பி தரையில் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மூன்று முள்ளையும் வேட்டி நுனியால் துடைத்துத் திரும்பச் சொருகினான். ஃப்ரீசர் பெட்டி ஒரு தடவை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது.

"பதினோரு மணி வரைக்கும் ஓடு தாயே, அது போதும்," என்றான் பெட்டியிடம்.

கண்ணாடிக்கு அடியில் யாங்கோ அத்திம்பேர் படுத்திருந்தார். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போய் நாலு பையன்களுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, ஆறு இட்லி சாப்பிட்டு, ஏழாவதை அக்கா காந்திமதி போட வந்தபோது தட்டைக் கையால் மூடி, சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவர். பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. மனுஷர் எழுந்திருக்கவில்லை. அறுபத்தேழு வயது. ஒரு ஊசி இல்லை, ஒரு ஆஸ்பத்திரி வாசம் இல்லை. "அச்சே லோக் ஐஸே ஹீ ஜாதே ஹைன்", நல்லவர்கள் இப்படித்தான் போவார்கள், என்று எதிர் ஃப்ளாட் சட்டா ஆன்ட்டி மூக்கைச் சிந்தினாள். டெல்லி முனிர்க்காவின் அந்த டி.டி.ஏ. குடியிருப்பில் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்த அத்தனை பேரும் அதையேதான் அவரவர் பாஷையில் சொன்னார்கள். கொடுத்து வைத்த சாவு.

அம்பிக்கும் அது தெரியும். ஆனாலும் விடியற்காலையிலிருந்து நாலு தடவை பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்திருந்தான். ஐம்பத்தாறு வயது. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். ஆனாலும் அக்கா வீட்டில் அவன் அம்பிதான், அவன்தான். அவனை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை, நாம் மட்டும் எதற்கு ஆரம்பிக்க வேண்டும்?

"மாமா, ஏக் மினிட். இங்க வா."

உள் அறையிலிருந்து இந்துஜா கூப்பிட்டாள். அக்காவின் ஒரே பெண். குர்கானில் ஏதோ மீடியா கம்பெனியில் வேலை. மடியில் லேப்டாப். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"அப்பா ஊர் ஃபுட்பால் கிளப்லேர்ந்து மெயில் வந்திருக்கு. அவா வெப்சைட்ல போடணுமாம். பத்து வரி கேட்டிருக்கா."

"போட்டுடு. நன்னா எழுது. நீ எழுதறவதானே."

"எழுதிண்டிருக்கேன். அப்பா இருபத்தேழு இன்டர்நேஷனல் ஆடினார்ல? எந்தெந்த டீமோட?"

அம்பி வேட்டி நுனியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"எதுக்குக் கேக்கற?"

"தேடிப் பாத்தேன் மாமா. நாப்பது வருஷத்து லிஸ்ட் அப்படியே இருக்கு. அப்பா பேர் ஒரே ஒரு எடத்துல வரது. எய்ட்டி த்ரீல ஒரு மாட்ச். சப்ஸ்டிட்யூட். ஆடலைன்னு போட்டிருக்கு."

அம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். முப்பது வருஷமாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி. அதைக் கேட்பதற்கு இந்த நாள்தானா கிடைத்தது?

விஷயம் இதுதான். இருபத்தேழு ஆட்டம் என்பது அம்பி சொன்ன பொய்.

யாங்கோ பிறந்தது ஸ்லோவேனியாவில் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அப்போது அது யூகோஸ்லாவியா. பதினேழு வயதில் ஊர் அணிக்குக் கோல்கீப்பர். பிறகு எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் இரண்டாம் டிவிஷன், பிறகு சைப்ரஸ் தீவு. அங்கே கிளப் மூடிப்போனதும், சிங்கப்பூரில் இடம் வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பிக் கிளம்பி, வழியில் டெல்லியோடு நின்றுவிட்டார். இங்கே ஓர் அரசுத்துறை நிறுவனத்தின் அணிக்கு ஒரு சீசன் மட்டும் ஆடவும் பயிற்சி கொடுக்கவும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை டைப் அடித்தவள் காந்திமதி. சீசன் முடிவதற்குள் அவருடைய நாடு துண்டு துண்டாகிவிட்டது, இவர்கள் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

அப்பா வெங்கட்ராமன் ஒத்துக்கொள்ளவில்லை. ஜாதி, மதம், நிறம் எல்லாவற்றையும் அவர் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஈசிசேரில் சாய்ந்தபடி கேட்டார்: "அவன் பர்மனென்டா, டெம்பரரியா?" சீசன் கான்ட்ராக்டில் வந்தவன், நாடே இல்லாதவன். அப்பாவின் உலகத்தில் டெம்பரரி என்றால் தீண்டத்தகாதது. அக்கா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அம்பிக்கு அப்போது இருபத்தைந்து வயது, அக்கா என்றால் உயிர். வாயைத் திறந்துவிட்டான்.

"பர்மனென்ட்தாம்ப்பா. நேஷனல் டீம்லயே பர்மனென்ட் கீப்பரா இருந்தவர்."

"எத்தனை மாட்ச்?"

அப்பாவின் தலைக்கு மேலே தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைக்குத் தேதி இருபத்தேழு.

"இருபத்தேழு."

அப்பா இரண்டரை மாதம் கழித்துச் சம்மதித்துவிட்டார். பொய் பலித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அம்பி அதற்குள் காலனி முழுக்க அதைப் பரப்பியிருந்தான். மலை மந்திர் பிரசாத வரிசையில் சொன்னான், சங்கத்துப் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னான், பஸ்ஸில் பக்கத்து சீட்காரனிடம் சொன்னான். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள், அம்பியின் பொய்க்குச் சக்கரமே இருந்தது. அத்திம்பேர் காதிலும் கல்யாணத்துக்கு முன்பே விழுந்தது. கோவில் வாசலில் யாரோ ஒரு மாமா அவர் கையைக் குலுக்கி, "டுவென்டி செவன்! கிரேட்!" என்றபோது அவர் திரும்பி அம்பியைப் பார்த்தார். அம்பி கண்ணடித்தான். அவர் காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்ன மாமா, பேச மாட்டேங்கற?"

"அந்த நாடே இல்லையேடி இப்போ. ரிக்கார்ட் எல்லாம் யுத்தத்துல போயிருக்கும்."

"மத்தவா பேரெல்லாம் இருக்கு. அப்பாவோடது மட்டும் போச்சா?"

அம்பி பெட்டிப் பக்கம் பார்த்தான். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதுவும் செத்துக் கிடக்கிற மனுஷனுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்துஜா லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட்ல எஸ்ஸே எழுதினேன். மை ஃபாதர், ட்வென்டி செவன் மாட்சஸ். ப்ரைஸ் குடுத்தா. அப்பா முதல் வரிசைல ஒக்காந்து கை தட்டினார் மாமா. ஜூட்னு, பொய்னு தெரிஞ்சே தட்டினாரா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அம்பி உடனே சொல்லியிருப்பான். அவள் குரல் ஆபீஸ் குரலாக இருந்தது, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

நரேன். மோதி பாக் பகுதித் தமிழ்ப் பையன், முப்பது வயது, டெல்லி லீக்கில் கோல்கீப்பர். பன்னிரண்டு வயதிலிருந்து யாங்கோவிடம் கற்றவன். அவனுக்குப் பின்னால் படி முழுக்க அவனைப் போலவே நெட்டை நெட்டையாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நரேன் கையில் சுருட்டிய ஃப்ளெக்ஸ். ஹால் நடுவில் விரித்தான். அத்திம்பேர் கையில் பந்தோடு சிரித்தார். கீழே முழங்கை நீள எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது: யாங்கோ சர், யூகோஸ்லாவியா, 27 இன்டர்நேஷனல்ஸ்.

"ராத்திரி கடையைத் திறக்க வச்சுப் போட்டோம் அங்கிள். நீங்க எப்பவும் சொல்ற நம்பர்தான். கரெக்டா இருக்கா?"

"இருக்கு," என்றான் அம்பி. வேறு என்ன சொல்வது?

நரேன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். கண்ணாடியைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சர் எங்களுக்கு முதல் நாள் டைவ் சொல்லித் தரலை அங்கிள். கோல் விழுந்தா எப்படி நிக்கணும்னு சொல்லித் தந்தார். யாரையும் கை காட்டாதே. டிஃபென்டர் தப்புப் பண்ணியிருந்தாலும் சரி, பந்தை எடு, சென்டருக்கு அனுப்பு, அடுத்ததைப் பாரு. கை காட்டினா பத்து ரவுண்டு ஓட விடுவார். நான் ஒரு நாள் இருபது ஓடினேன்." சிரிக்க முயன்றான், முடியவில்லை. "சரி, இதை வாசல்ல கட்டிடவா?"

"அந்தக் கடைசி வரி வேண்டாம்ப்பா நரேன்."

காந்திமதி வந்திருந்தாள். தலை கலைந்து, கண் வீங்கி, ஆனால் நிதானமாக இருந்தாள். போன வருஷம்தான் ரிடையர் ஆனாள். நாற்பது வருஷ ஆபீஸ் அவள் குரலில் இருந்தது. "படம் நன்னா இருக்கு. பேர் இருக்கட்டும். கீழ இருக்கறதை மடிச்சு ஊக்குப் போட்டுடு." பிறகு அம்பியையும் உள்ளிருந்து எட்டிப் பார்த்த இந்துஜாவையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்கோ."

கதவைச் சாத்தினாள். பிணம் எடுக்கிற வரை அடுப்பு மூட்டக்கூடாதென்று சட்டா ஆன்ட்டி கொடுத்தனுப்பிய டீ ஃப்ளாஸ்க் மேஜை மேல் இருந்தது. மூன்று டம்ளரில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு யாருக்கும் கொடுக்கவில்லை.

"கதவு தெறந்துதானே இருந்தது, எல்லாம் காதுல விழுந்தது," என்றாள் மகளிடம். "அப்பா மேல கோச்சுக்காதே. அம்பி, நீயும் கோச்சுக்காதே. ஒனக்குத்தான் கஷ்டமா இருக்கப்போறது."

"எனக்கா?" என்றான் அம்பி.

"அவர் இருபத்தேழு மாட்ச் ஆடலைடா. ஒண்ணுகூட ஆடலை. ஒரு தடவை பெஞ்சுல ஒக்காந்தார், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நம்ம அப்பாவுக்கும் தெரியும்."

டம்ளரை எடுக்கப் போன அம்பியின் கை அப்படியே நின்றது.

"அப்பாவுக்கு என்ன வேலை, சொல்லு. எவன் எந்த சர்ட்டிபிகேட் கொண்டுவந்தாலும் அது நெஜமான்னு குடுத்த எடத்துக்கே எழுதிக் கேக்கறதுதானே? ஊர்ல எல்லாருக்கும் வெரிஃபிகேஷன் பண்றவர் மாப்பிள்ளைக்கு மட்டும் விட்டுடுவாரா? எம்பஸிக்கு லெட்டர் போட்டுட்டார், ரிஜிஸ்டர்ட் போஸ்ட்ல. ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. அப்படி ஒருத்தர் எங்க டீம்ல ஆடினதே இல்லைன்னு."

அம்பி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அடப்பாவி! அப்பாவிடம் பொய் சொன்னோமே, அவர் எந்த செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா?

"அப்பா இவரைக் குவார்ட்டர்ஸுக்குக் கூப்ட்டார். நான் சமையலறை வாசல்ல நிக்கறேன். லெட்டரைக் கைல குடுத்தார். இவர் படிச்சார், மடிச்சார், திருப்பிக் குடுத்தார். 'ஆமா சார், அம்பிகிட்ட நான்தான் அப்படிச் சொன்னேன். அவன் நம்பிட்டான். அவன் மேல தப்பு இல்லை'ன்னார். அரை இங்கிலீஷ், அரைத் தமிழ். ஏன் சொன்னேன்னு அப்பா கேட்டார். 'பொண்ணு குடுக்க மாட்டேள்னு பயம்'னார்." காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பும் வந்தது, கல்யாணப் பெண் சிரிப்பு. "அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். அப்பறம் பேனாவை எடுத்து அந்த லெட்டர் மூலைலயே எழுதினார். 'விளக்கம் ஏற்கப்பட்டது.' கீழ கையெழுத்து, தேதி. அம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம்னார். 'அவன் ஊர் பூரா பெருமையாச் சொல்லிண்டு திரியறான், தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவான்'னு. அதான் நாங்க யாரும் வாயே தெறக்கலை."

முப்பது வருஷம். அவன் பாயசம் குடித்துவிட்டு உட்கார்ந்து இருபத்தேழு ஆட்டத்தையும் ஒவ்வொன்றாக அளந்தபோதெல்லாம் அப்பாவும் அக்காவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது, பாவம் அம்பி, அவன் மனசு நோகக்கூடாது என்பதற்காக. காப்பாற்றுகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். காப்பாற்றப்பட்டவன் அவன்தான். அப்புறம் அந்த மனுஷர், காது மடலை இழுத்துக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து.

"வாழ்நாள்ல சொன்னது ஒரே ஒரு பொய்," என்றாள் காந்திமதி. "அதுவும் என்னைப் பண்ணிக்கறதுக்காக. அதுக்குத்தான் நான் அவரை ஃப்ராடு, ஃப்ராடுன்னு கூப்பிடறது. என்னமோ செல்லமா கூப்பிடறேன்னு எல்லாரும் நெனைச்சிண்டா. செல்லம்தான்."

"உனக்கு ஸ்வீட்டா இருக்கும்மா," என்றாள் இந்துஜா. அந்த ஆபீஸ் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு இல்லை. என்கிட்ட சொல்லியிருக்கலாமே? தாத்தாவை ஏமாத்தி, மாமாவை ஏமாத்தி, என்னையும். நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், மேரே பாப்பா கபி ஜூட் நஹீன் போல்தே, எங்கப்பா பொய்யே சொல்லமாட்டார்னு. எழுத முடியலைம்மா. நீங்களே எழுதிக்கோங்கோ." லேப்டாப்பை மூடினாள்.

அம்பி டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆடை படிய ஆரம்பித்திருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். எத்தனை சுலபம். பெண் ரெண்டு மாதத்தில் மன்னித்துவிடுவாள், அப்பாதானே. அக்காவிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதையேன் பிடுங்க வேண்டும்? நேற்றுத் தாலி அறுந்தவளிடம் போய், உனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்யும் அவர் சொன்னதில்லை என்று சொல்வதா? அத்திம்பேரே சொல்லவில்லையே. சொல்ல வேண்டுமென்றால் முப்பது வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஆனால் அவர் எதற்காகச் சொல்லப் போகிறார்? அவர் கை காட்ட மாட்டார். இன்னும் இரண்டு மணி நேரத்தில் லோதி ரோடு மயானத்தில் அவர் சாம்பலாகிவிடுவார், அம்பி உதைத்த பந்து அவர் வலைக்குள்ளேயே கிடக்கும், பெற்ற பெண் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இந்து, நில்லு," என்றான்.

கதவுப் பிடியில் கை வைத்தவள் திரும்பினாள்.

"அந்தப் பொய்யை அவர் சொல்லலைடி. நான் சொன்னேன்."

"மாமா, போதும். அப்பாவுக்காக நீ..."

"அவருக்காக இல்லை. நெஜமாவே நான்தான் சொன்னேன். தாத்தா எத்தனை மாட்ச்னு கேட்டார். மேல காலண்டர் இருந்தது. தேதி இருபத்தேழு. சொல்லிட்டேன். முப்பத்தொண்ணாம் தேதின்னா முப்பத்தொண்ணுன்னு சொல்லியிருப்பேன்." மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்தான். "அவர் என்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லை. அவர் எங்க ஆடினார், எத்தனை ஆடினார்னு நான் கேட்டதுகூட இல்லை. இந்த லெட்டர் சமாச்சாரமே எனக்கு இப்பதான் தெரியும் அக்கா. என் மேல தப்பில்லைன்னு அவர் சொன்னது, அதுதான் பொய். அது ஒண்ணுதான்."

வெளியே பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நெட்டைப் பையன்கள் இந்தியில் தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். காந்திமதி தம்பியையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் தன்னைப் பார்த்து அம்பிக்கு நினைவில்லை. அறைந்தால் தேவலை என்றிருந்தது.

"காலண்டரா?" என்றாள்.

"ம்."

"ராமர் படம் போட்ட காலண்டரா?"

"ஆமா."

அவள் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனாள். பையன்கள் விலகி வழிவிட்டார்கள். பெட்டிக்கு அருகே குனிந்து, பனி பூத்திருந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"முப்பது வருஷமா ஃப்ராடுன்னு கூப்ட்டேன். சிரிச்சுண்டே திரும்பிப் பாத்தேளே ஒழிய, ஒரு வார்த்தை சொன்னேளா?" என்றாள். "என்கிட்டகூடவா சொல்லப்படாது? ஃப்ராடு. சுத்த ஃப்ராடு."

பிறகு அழுதாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் சத்தம் போட்டு அழவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இந்துஜா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள், ஆபீஸ் குரல் போன இடம் தெரியவில்லை. அழுகைக்கு நடுவே அம்மாவும் பெண்ணும் சிரித்ததை நரேன் பார்த்தான். ஒன்றும் புரியாமல் அம்பியைப் பார்த்தான். அம்பி சுவரைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் காந்திமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அம்பி அவள் எதிரே போய் நின்றான்.

"ஏதாவது திட்டு அக்கா."

"ஒன்னைத் திட்டறதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. ஜல்தி கீழ போய் வண்டி வந்துடுத்தான்னு பாரு."

வண்டி வந்திருந்தது. அம்பி மூன்று மாடி இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வந்தபோது இந்துஜா சோபாக் கையில் உட்கார்ந்து தட்டெழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நரேன்.

"கேட்டுக்கோ மாமா, தப்பா இருந்தா சொல்லு," என்று வாசித்தாள். ஊர் பெயர், ஆஸ்திரியா, சைப்ரஸ், டெல்லி. "நேஷனல் டீம்: ஒன்ஸ் ஆன் த பெஞ்ச். டிட் நாட் ப்ளே. இப்படியே போடறேன். சரிதானே?"

"சரிதான். அதுதான் சரி."

"டெல்லில எத்தனை கீப்பர்ஸ் ட்ரெயின் பண்ணினார்னு நரேனைக் கேட்டேன். எண்ணிண்டே இருக்கான்."

நரேன் விரல் விட்டுக்கொண்டிருந்தான். படியில் நின்றவர்களிடம் ஏதோ பெயரைக் கேட்டான், அவர்கள் இன்னும் நாலு பெயர் சொன்னார்கள், எண்ணிக்கை குழம்பிப் போய் ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். "சோடோ யார், விடு," என்றாள் இந்துஜா, "'மெனி'ன்னு போட்டுடறேன்." அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள். அப்பாவை எரிவாயு மேடையில் வைக்கும்போது தான்தான் பொத்தானை அமுக்கப்போவதாக மாமாவிடம் சொன்னாள், தகவல் போல. அம்பி தலையாட்டினான்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தூக்கினார்கள். தலைமாட்டில் நரேனும் இன்னொருவனும், நடுவில் நாலு கீப்பர்கள், எல்லாம் பந்து பிடித்துப் பழகிய கைகள். கால் பக்கம் முன்னால் போக வேண்டும். அம்பி ஒதுங்கி நின்றான். தனக்கு அந்த உரிமை உண்டா என்று இன்றைக்கு அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன நிக்கற? நீ பிடி," என்றாள் காந்திமதி.

மூங்கில் பாடை சாதாரண மனுஷர்களுக்குக் கட்டியது. அத்திம்பேரின் பாதங்கள் விளிம்பைத் தாண்டி ஒரு ஜாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டி.டி.ஏ. படிக்கட்டு என்றால் தெரியுமே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் திருப்பத்திலேயே, "சம்பால் கே, சம்பால் கே" என்று பார்த்து வரச் சொல்லி மேலிருந்து குரல் கொடுத்தார்கள். பாடை சாய்ந்தது, கால் சுவர்ப்பக்கம் போயிற்று. அம்பி மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வலது கையை விடுவித்து, அவருடைய குதிகாலுக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்தான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் புறங்கை சொரசொரப்புச் சிமெண்டில் தேய்ந்து தோல் வழன்றது. முதல் மாடியில் கைப்பிடிக் கம்பியின் முனை விரல் முட்டியில் இடித்தது. பின்னால் யாரோ நிறுத்தலாமா என்று கேட்டார்கள். அம்பி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தான். கீழ்வாசல் வரை குதிகால் எதன் மேலும் படவில்லை.